ஓய்மானாட்டு வழியும் இளஞ்சிறார் சமூகக் கல்வியும்

1. பொருள் வரையறை

பள்ளியில் முதன்முதல் அடியெடுத்து வைக்கும் குழந்தை எழுத்தறியாதது. ஆயினும் சமூகம் அறியாதது அன்று. எந்தத் தெருவில் ஓடி விளையாடலாம், எந்த வீட்டுத் திண்ணையில் ஏறலாகாது, யாரை முறைப்பெயரிட்டு அழைத்தல் வேண்டும், எந்த முதியவரைப் பெயர் சொல்லி அழைத்தாலும் வீட்டார் கண்டிக்கமாட்டார் என்பனவற்றையெல்லாம் மூன்று நான்கு அகவைக்குள்ளாகவே அது கற்றுவிடுகின்றது. இவற்றைத் தனியாக அமர்ந்து கற்பித்தவர் ஒருவரும் இலர், ஊரே கற்பித்தது. ஆதலின் இளஞ்சிறார்க்குச் சமூகக் கல்வி அளித்தல் வெற்றேட்டில் எழுதும் செயல் அன்று. முன்னரே எழுதப்பெற்ற ஏட்டைத் திருத்தி எழுதும் செயலாகும். இவ்வருமையை உணராது எழுதப்பெறும் பாடங்கள், ஊர் எழுதிய பிழையின்மேல் அழகிய மை பூசுவனவாகவே முடியும்.

இளஞ்சிறார்க்குச் சமூகத்தை எம்முறையிற் காட்டுதல் வேண்டும் என்பதற்குத் தமிழிலக்கியம் ஒரு விடை தருகின்றதா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்குக் களமாகக் கொள்வது திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர்; ஆய்வுக்குரிய நூல் அவ்வட்டாரத்தைப் பாடிய சிறுபாணாற்றுப்படை. நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மானாடு என்பது இன்றைய திண்டிவனத்தைச் சூழ்ந்த நிலப்பகுதியே. அவனுக்குரியதாகப் பாட்டிற் கூறப்பெறும் கிடங்கில் இன்று திண்டிவனத்தோடு இணைந்து கிடக்கின்றது. எயிற்பட்டினத்தை மரக்காணம் எனவும், வேலூரை உப்புவேலூர் எனவும், ஆமூரை நல்லாமூர் எனவும் அறிஞர் கருதுவர். ஆகவே ஓமந்தூர்ப் பள்ளியில் அமர்ந்திருக்கும் குழந்தை, தான் அறியாமலே ஒரு சங்கப் பாட்டின் நிலத்தில் அமர்ந்திருக்கின்றது எனலாம்.

2. ஏவலும் விளியும்

தமிழில் குழந்தைக்கு ஒழுக்கமும் உலகியலும் உணர்த்திய நூல்கள் பெரும்பாலும் ஏவல் நடையில் அமைந்தவை. ஔவையாரின் ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் இதற்குச் சான்று. எழுத்து வரிசையோடு அறத்தைப் பிணைத்து நினைவில் நிறுத்திய திறன் வியத்தற்குரியது. ஒரு தலைமுறை அன்று, பல தலைமுறைகள் அவ்வடிகளைக் கொண்டே எழுத்தும் அறமும் ஒருங்கே பெற்றன. எனினும் ஏவல், செய்யவேண்டுவதைக் கூறுமேயன்றிக் காணவேண்டுவதைக் காட்டாது. ஈகையை விரும்புமாறு ஏவப்பெற்ற குழந்தைக்கு, ஈயப்படுவோன் யார், அவன் வீட்டில் அடுப்பு எரியாமைக்குக் காரணம் யாது என்பன தெரியா.

பாரதியார் பாப்பாப் பாட்டில் ஏவலுடன் விளியைச் சேர்த்தார். குழந்தையை முன்னிலைப்படுத்தி, அதன் ஓட்டத்தையும் ஆட்டத்தையும் முதலில் ஏற்றுக்கொண்டு, குருவியையும் கோழியையும் பசுவையும் நாயையும் காட்டி, பின்னரே நாட்டையும் மொழியையும் கூறி, சாதி வேற்றுமை இல்லை என மறுக்கின்றார். உயிரினத்திலிருந்து மனித இனத்திற்கு ஏறும் இவ்வரிசை குழந்தையுளத்தை அறிந்த வரிசையே. சாதி மறுப்பை ஐந்து அகவைக் குழந்தையின் பாட்டிலேயே வைத்தமை அவர்தம் துணிவைக் காட்டும். ஆயின் இல்லை என்னும் மறுப்புச் சொல், இருக்கின்றது என நாள்தோறும் கற்பிக்கும் தெருவின்முன் தனித்து நிற்கின்றது. மறுப்பு வாய்மையாதற்கு மறுப்பின் அனுபவமும் குழந்தைக்கு வேண்டும். அவ்வனுபவத்தை அமைத்துத் தரும் நெறியை வேறிடத்தில் தேடுதல் இன்றியமையாததாகின்றது.

3. வட்டமும் வழியும்

மேனாட்டுக் கல்வியாளர் இருபதாம் நூற்றாண்டில் இச்சிக்கலுக்கு ஒரு நெறி வகுத்தனர். குழந்தையை நடுவில் வைத்து, வீடு, தெரு, ஊர், மாவட்டம், நாடு, உலகு என வட்டத்தின்மேல் வட்டமாக விரித்துச் செல்லுதல் அந்நெறி. நம் தொடக்கப்பள்ளிப் பாடங்களிலும் இவ்வமைப்பே பெரிதும் ஆட்சி செய்கின்றது. இதன் நன்மை வெளிப்படை. அறிந்ததினின்று அறியாததற்குச் செல்லுதல் கற்பித்தலின் பொதுவிதியாகும். அமெரிக்க நாட்டு லூசி ஸ்ப்ரேக் மிட்செல் என்னும் கல்வியாளர் 1934-இல் வெளியிட்ட 'இளம் புவியியலாளர்' என்னும் நூலில், குழந்தை தன் சூழலைத் தானே சென்று கண்டு, ஒன்றற்கும் மற்றொன்றற்கும் உள்ள தொடர்பைத் தானே கண்டுபிடித்தல் வேண்டும் என வற்புறுத்தினார். அவர் கருதியது தேடலை; பின்வந்த பாடங்களில் நிலைத்தது வட்டம் மட்டுமே.

வட்டத்தின் குறை அதன் நடுவிலேயே உள்ளது. நடுவில் நிற்பவன் எப்போதும் 'நான்'. சூழ நிற்போர் அனைவரும் எனக்காக நிற்போர். உழவர் எனக்கு நெல் தருவார். நெசவாளர் எனக்கு ஆடை தருவார். தூய்மைப் பணியாளர் என் தெருவைத் துடைப்பார். பிறர் வாழ்க்கை என் தேவையின் அளவிற்கே எனக்குப் புலப்படும்.

ஆற்றுப்படை காட்டுவது வட்டம் அன்று, வழி. அங்கு நடுவிடம் என ஒன்று இல்லை. செல்வோன் வறியவன், பசித்தவன், ஒவ்வோர் ஊரிலும் அவன் விருந்தினன். பிறர் அவனுக்கு உதவுவோர் என்பதினும், அவன் பிறர் வாயிலில் நிற்பவன் என்பதே பொருந்தும். வட்டநெறி குழந்தையை உரிமையாளனாக்கித் தொடங்குகின்றது. வழிநெறி குழந்தையை விருந்தாக்கித் தொடங்குகின்றது. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

4. பாட்டின் வழி

இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளை உடையது. பத்துப்பாட்டு முழுவதும் உ. வே. சாமிநாதையரால் 1889-இல் பதிப்பிக்கப்பெற்ற பின்னர் இது தமிழ் கற்போர் கைக்கெளிதாயிற்று. பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்பட்ட வறிய பாணனை நல்லியக்கோடனிடம் ஆற்றுப்படுத்துவதே பாட்டின் அமைப்பு.

வழிகூறும் பகுதியை நோக்குவோம். முதலில் கடற்கரை: எயிற்பட்டினம். அங்குப் பரதவர் தேறலும் சுட்ட மீனும் தருவர். அடுத்து முல்லை நிலத்து வேலூர். அங்கு எயினர் குடிமகளிர் புளியிட்டுச் சமைத்த சோற்றை இறைச்சியோடு தருவர். அதன்பின் மருத நிலத்து ஆமூர். அங்கு உழவர் வீட்டு மகளிர் வெண்சோற்றை நண்டுக் கறியோடு தருவர். இறுதியில் நல்லியக்கோடனின் ஊர். அங்கு அரசன் தானே நின்று உண்பிப்பான்.

இதனைச் சமூகக் கல்வியாகக் காணின் மூன்று உண்மைகள் புலப்படும். முதலாவது, நிலம், தொழில், உணவு, மக்கள் ஆகிய நான்கும் தனித்தனிப் பாடமாகப் பிரிக்கப்படாமை. நண்டு ஏன் ஆமூரில் கிடைக்கின்றது என்று கேட்பின், வயலில் நீர் நிற்பதால் என்பது விடை. நீர் ஏன் நிற்கின்றது என்று கேட்பின், அது மருதம் என்பது விடை. ஓர் உணவுக் கலத்திற்குள் புவியியலும் பொருளியலும் அடங்கிவிடுகின்றன. முதல், கரு, உரி எனப் பகுத்த தமிழ் மரபின் பயன் இதுவே.

இரண்டாவது, ஓர் உணவையேனும் புலவர் இழிவாகக் கூறாமை. சுட்ட மீனும், வேட்டை இறைச்சியும், நண்டும் ஒரே மதிப்புடன் பரிமாறப்படுகின்றன. இப்பகுதியைக் குழந்தைகளுக்குக் கதையாகச் சொல்லும் ஆசிரியர் தேறலை அவர்தம் அகவை நோக்கி விடுத்தல் முறையே. ஆயின் மீனையும் இறைச்சியையும் நண்டையும் நீக்கி, பழமும் பாலும் எனத் திருத்திக் கூறுவாராயின் அது பெரும்பிழையாம். வகுப்பில் அமர்ந்திருக்கும் பாதிக் குழந்தைகளின் வீட்டு அடுப்பை அவர் பள்ளியினின்று வெளியேற்றியவராவார்.

மூன்றாவது, குழந்தைக்கு இவ்வழியில் ஒரு தொழில் உண்டு என்பது. ஆமூரில் வளையணிந்த உழவர் மகள், தன் மக்களைக்கொண்டு பாணர் கூட்டத்தை முறையே தடுத்து நிறுத்தி விருந்துண்ணச் செய்வாள் எனப் பொருள்கொள்ளும் உரைமரபு உண்டு. பெற்ற மக்களைப் பேணுமாறு பேணுவாள் எனப் பொருள்கொள்ளினும் அமையும். முன்னதே நம் பொருளுக்குச் சிறந்தது. முன்பின் அறியாத வழிப்போக்கன் கையைப் பற்றி வீட்டிற்கு அழைத்துவர அனுப்பப்பெற்ற குழந்தை, விருந்தோம்பல் என்னும் சொல்லைக் கற்கவில்லை; விருந்தோம்பலையே கற்றது.

5. உப்பும் கிலுகிலியும்

இப்பாட்டில் உப்பு இருமுறை நம் கருத்தைக் கவர்கின்றது. பாண்டியனது கொற்கையைப் பாடும்போது, உப்பு வணிகரான உமணரின் வண்டிகளோடு வந்த மந்தியொன்று, உமணப் பெண்டிர் பெற்ற புதல்வரோடு சேர்ந்து, முத்தைச் சிப்பிக்குள் அடைத்த கிலுகிலியை ஆட்டி விளையாடுவதாகப் புலவர் காட்டுகின்றார். பின்னர்ப் பாணனின் பழைய வறுமையைக் கூறுமிடத்து, குட்டி ஈன்ற நாய் பசியால் குரைக்கும் அடுக்களையில், அவன் மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கொய்து, உப்பும் இன்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்டதாகக் காட்டுகின்றார்.

ஓரிடத்தில் உப்பு விற்போர் மக்களுக்கு முத்து விளையாட்டுப் பொருள்; மற்றோரிடத்தில் கீரைக்கு உப்பு இல்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும் குழந்தை, பொருள் எங்கு மிகுகின்றது, எங்குக் குறைகின்றது, ஏன் என வினவத் தொடங்கும். பொருளியலின் முதல் வினா அதுவேயாகும். ஓய்மானாட்டுப் பள்ளி ஆசிரியர் இதற்காக நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. மரக்காணத்து உப்பளங்கள் அவ்வட்டாரத்திலேயே உள்ளன. உப்பளத்தை நேரில் கண்டு, பாத்தியில் கடல்நீர் காய்ந்து வெண்மையாதலை நோக்கி, வெயிலில் நின்று உப்பு வாருவோரின் காலைக் கண்ட குழந்தைக்கு, உப்பு வெறும் சுவையன்று, ஒருவரது உழைப்பு. அன்று மாலை வீட்டில் உணவில் உப்பு மிகின் அது முகஞ்சுளிக்கும். ஆயினும் உப்பைச் சிந்துமுன் சிறிது எண்ணும்.

பெரும்பாணாற்றுப்படையில், உழவர் வீட்டுப் புதல்வர் உருட்டும் சிறுதேர், தச்சர் சிறாரும் விரும்புமாறு புனையப்பட்டது என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் கூறுவதும் ஈண்டு ஒப்பிடத்தக்கது. பொம்மையின் அழகுக்கு அளவுகோல் வாங்கியவர் மகிழ்ச்சி அன்று. அத்தொழில் அறிந்த வீட்டுச் சிறுவரின் விருப்பம். தொழிலறிவை மதிக்கும் உள்ளம் இவ்வாறே உருவாதல் வேண்டும்.

6. 'நமக்கு' என்னும் சொல்

'நமக்கு உதவுவோர்' என்னும் வகையில் அமையும் பாடம் நெடுங்காலமாகத் தொடக்கக் கல்வியில் வழங்கிவருவது. உழவர், குயவர், தச்சர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர், துப்புரவுப் பணியாளர் எனப் படங்கள் வரிசையாக அமையும். இப்பாடத்தின் நோக்கம் நன்று. தொழிலை மதிக்கச் செய்தல். ஆயின் தலைப்பில் உள்ள 'நமக்கு' என்னும் சொல்லை இலக்கணம் அறிந்தோர் எளிதில் விடுத்துச் செல்லலாகாது.

தமிழில் தன்மைப்பன்மை இருவகைப்படும். 'நாம்' என்பது முன்னிலையாரை உளப்படுத்துவது. 'நாங்கள்' என்பது அவரை விலக்குவது. சங்க வழக்கில் 'நாம்', 'யாம்' என இவ்வேறுபாடு நின்றது. பல மொழிகளில் இல்லாத இந்நுட்பம் நம் மொழியில் ஐந்து அகவைக் குழந்தையின் வாயிலும் பிழையின்றி வழங்குகின்றது. 'நாம் போவோம்' என்றால் தோழனும் உடன் வரலாம். 'நாங்கள் போவோம்' என்றால் அவன் நின்றுவிடவேண்டும் என்பதைக் குழந்தை அறியும்.

இனி, சலவைத் தொழிலாளியின் மகளும் துப்புரவுப் பணியாளரின் மகனும் அமர்ந்திருக்கும் வகுப்பில், 'நமக்கு உதவுவோர்' எனக் கூறி அவர்தம் பெற்றோரின் படத்தைக் காட்டுங்கால் நிகழ்வது யாது? சொல் 'நமக்கு', பொருள் 'எங்களுக்கு'. உளப்படுத்தும் சொல்லால் விலக்கும் செயல் நிகழ்கின்றது. அக்குழந்தைகள் அப்பாடத்தில் கற்போர் நிலையினின்று கற்கப்படும் பொருள் நிலைக்கு இறக்கப்படுகின்றனர். பிற குழந்தைகள் திரும்பி அவர்களை நோக்குகின்றனர். ஊர் கற்பித்த பிழைக்குப் பாடநூல் சான்றிதழ் வழங்கிவிடுகின்றது. தொழில் பிறப்போடு பிணைந்து கிடந்த நாட்டில், தொழிலை மதித்தலும், தொழிலைப் பிறப்பினின்று பிரித்தலும் ஒருங்கே நிகழ்ந்தாலன்றி மதிப்பு என்பது வெற்றுரையாகும்.

ஆற்றுப்படை நெறி இங்குத் துணைசெய்யும். யாரும் யாருக்கும் நிலையான ஏவலர் அல்லர். இன்று நான் உன் வீட்டு விருந்து. நாளை நீ என் வீட்டு விருந்து. வகுப்பில் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுத் தொழிலையும் அக்குழந்தையே வழிகாட்டியாக நின்று பிறர்க்குக் காட்டுமாயின், படத்தில் நின்றவர் மகன் பாணர் தலைவனாகின்றான். சூளை வெப்பத்தைப் பற்றியும், வெளுப்பின் நுட்பத்தைப் பற்றியும் அவனே அறிந்தவன். ஆசிரியரும் அன்று மாணவரே. அதேபோது, இத்தொழிலையே நீயும் செய்வாய் என்னும் குறிப்பு எவ்விடத்தும் புகாதிருத்தல் வேண்டும்.

7. அடைத்த கதவும் திறந்த கதவும்

பாட்டில் இரு கதவுகள் உள. ஒன்று, வறுமையால் நாணிப் பாணன் மனைவி அடைத்த கதவு. மற்றொன்று, பொருநர், புலவர், அந்தணர் ஆகியோர்க்கு ஒருபோதும் அடைக்கப்படாத நல்லியக்கோடன் வாயில். முதற்கதவு அடைந்திருத்தலாலன்றோ இரண்டாங் கதவு திறந்திருத்தலின் சிறப்பு விளங்குகின்றது! குழந்தைக்கு உரிமை, சமத்துவம் என்னும் கருத்துப்பெயர்கள் விளங்கா. அடைத்த கதவும் திறந்த கதவும் விளங்கும். தன்னை வெளியே நிறுத்திக் கதவடைத்த துயரத்தை அறியாத குழந்தை இல்லை.

இந்நோக்கில் ஓமந்தூர்க் குழந்தைக்கு அதன் ஊரவரைக் காட்டும் முறையும் மாறுதல் வேண்டும். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் (1895–1970) 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்பிரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதம அமைச்சராக இருந்தார். ஓமந்தூரில் அவர்க்கு மணிமண்டபம் உண்டு. அங்கு அழைத்துச் செல்லப்பெறும் சிறுவர்க்குப் பதவிப்பெயரும் ஆண்டும் சொல்லி மனப்பாடம் செய்வித்தலால் பயன் சிறிது. அவர் ஆட்சியில் 1947-இல் கோயில் நுழைவு உரிமைச் சட்டம் நிறைவேறியது. பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடுதலைத் தடுக்கும் சட்டமும் அவ்வாண்டே நிறைவேறியது. 'நெடுநாள் சிலர்க்கு அடைத்திருந்த கோயிற் கதவைத் திறக்கச் செய்த ஆட்சியில் தலைவராக இருந்தவர் நம் ஊரார்' என்னும் ஒரு தொடர் போதும். யார்க்கு அடைத்திருந்தது, ஏன் அடைத்தனர் எனக் குழந்தை கேட்கும். அக்கேள்விக்கு மறைக்காது விடைகூறுதலே சமூகக் கல்வி.

பாரதியார் நூல்களின் உரிமையைச் சென்னை அரசு பெற்றதும் 1949-ஆம் ஆண்டிலேயாம். பின்னர் அந்நூல்கள் மக்கள் அனைவர்க்கும் பொதுவாயின. பாப்பாப் பாட்டு இன்று எந்தப் பள்ளியிலும் யாருடைய இசைவுமின்றிப் பாடப்பெறுவதும் ஒரு கதவு திறந்ததன் பயனே.

திறந்த கதவின் அனுபவத்தை நாள்தோறும் தரும் இடம் உணவுப்பந்தி. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் நாட்டில் தொடங்கியது. 1982 சூலையில் தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது, ஊர்ப்புறத்து இரண்டு அகவைக் குழந்தைகளும் அதனுள் அடங்கினர். 2022 செப்டம்பரில் தொடக்கப்பள்ளிச் சிறார்க்குக் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பெற்றது. இவற்றை ஊட்டத்திற்குரிய திட்டங்களாகவே கணக்கிடுகின்றோம். உண்மையில் இவை நம் மாநிலத்தின் மிகப்பெரிய சமூகப் பாடநூல்கள். ஊரில் ஒருங்கே உண்ணாத குடிகளின் மக்கள் அங்கு ஒருங்கே உண்கின்றனர். சமைப்பவரின் பிறப்பை வினவிப் பெற்றோர் உணவை மறுக்கும் செய்தி நம் நாட்டில் இன்னும் அற்றொழியவில்லை. அச்செய்தியே அப்பந்தியின் ஆற்றலுக்குச் சான்று. ஏட்டில் உள்ள பாடத்தை எதிர்த்து எவரும் கதவடைப்பதில்லை. இலையில் உள்ள பாடத்தையே எதிர்க்கின்றனர்.

8. நூலின் எல்லை

சிறுபாணாற்றுப்படையைக் குறையற்ற சமூகக் காட்சியாகக் கொள்ளுதல் ஆராய்ச்சி ஆகாது. அது ஒரு வள்ளலைப் புகழ எழுந்த பாட்டு. வறுமை நீங்கும் வழியாக அது காட்டுவது கொடையேயன்றி உரிமை அன்று. அடைக்காத வாயில் எனப் புகழ்ந்த இடத்தும் புலவர் பெயர்சுட்டி உரைத்தோர் பொருநரும் புலவரும் அந்தணருமே. எயினரும் பரதவரும் வழிப்போக்கனுக்கு உணவளித்தனர். அவர் அவ்வாயிலில் நின்றதாகப் பாட்டுக் கூறவில்லை. இக்குறையையும் ஆசிரியர் உணர்தல் வேண்டும். கொடையாளியின் கதவு அவன் உள்ளம் உள்ளவரை திறந்திருக்கும். சட்டத்தால் திறந்த கதவை அடைக்க எவர்க்கும் உரிமை இல்லை. நல்லியக்கோடன் வாயிலுக்கும் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் இடையே உள்ள தொலைவு இது.

மேலும், பாட்டையே இளஞ்சிறார்க்குக் கற்பிக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. அதன் சொற்கள் அவர்க்கு எட்டா. கொள்ளவேண்டுவது அதன் நெறி. தமிழ்நாட்டு அரசுப் பாடத்திட்டத்தில் முதலிரு வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் தனிப்பாடமாக இன்றிச் சூழ்நிலையியலோடு இணைந்திருத்தல் இந்நெறிக்கு ஏற்புடையதே. பிரிக்காத பாடத்தில்தான் உப்பும் உழைப்பும் பசியும் ஒருங்கே நிற்கமுடியும்.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், ஏவல், விளி, வழி என்னும் மூன்றனுள் இளஞ்சிறார் சமூகக் கல்விக்குச் சிறந்தது வழியே என்பதும், அது குழந்தையை நடுவில் நிறுத்தாது பிறர் வாயிலில் விருந்தாக நிறுத்துவதால் பணிவையும் நன்றியையும் வினாவையும் ஒருங்கே தோற்றுவிக்கும் என்பதும், 'நாம்' என்னும் சொல் வகுப்பில் உள்ள அனைவரையும் மெய்யாகவே உளப்படுத்துகின்றதா என்பதே அக்கல்வியின் உரைகல் என்பதும் பெறப்படும்.

ஓமந்தூர்ப் பள்ளியில் ஒரு குழந்தை நாளை தன் தோழியை நோக்கி, 'நாம் உங்கள் வீட்டிற்குப் போவோம்' என்று கூறலாம். தோழியின் வீடு ஊரின் எப்புறத்தில் உள்ளது என்று அது கேளாதிருக்குமாயின், இரு வீட்டுக் கதவுகளும் திறந்திருக்குமாயின், அன்று அங்குச் சமூகக் கல்வி நடைபெற்றது எனத் துணியலாம்.